காலி நாற்காலியிடம் கேட்ட கேள்விகள்

"இன்னொரு தடவை ஆட்டு வினோ. பொம்மை மாதிரி ஆட்டாத, கேக்கற மாதிரி ஆட்டு" என்றான் செழியன்.

எனக்கு எதிரே ஒரு காலி பிளாஸ்டிக் நாற்காலி இருந்தது. அதைப் பார்த்து, முகத்தில் கொஞ்சம் வருத்தத்தை வரவழைத்துக்கொண்டு, மெதுவாகத் தலையாட்டினேன். சித்திரை மாதத்து மூன்று மணி வெயில். மொட்டை மாடித் தரை செருப்பைத் தாண்டிச் சுட்டது. கொடியில் கெஸ்ட் ஹவுஸின் படுக்கை விரிப்புகள் படபடவென்று அடித்துக்கொண்டன. கீழே செங்கம் ரோட்டில் சித்ரா பௌர்ணமிக்குத் தடுப்புக் கட்டைகளை இறக்குகிற லாரி ஒன்று விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. எனக்கு அந்த டிரைவரைப் போய் அறைய வேண்டும் போலிருந்தது.

ஒரே கேமராவை வைத்துக்கொண்டு பேட்டி எடுக்கிற எல்லோரும் செய்கிற வேலைதான் இது. பேசுகிறவர் முகத்தை முழுக்க முதலில் எடுத்துவிட வேண்டும். அவர் எழுந்து போன பிறகு கேமராவைத் திருப்பி வைத்து, நாம் அதே கேள்விகளை மறுபடி கேட்பது போலவும், அவர் சொல்வதற்குத் தலையாட்டுவது போலவும் எடுத்துக்கொள்ள வேண்டும். வெட்டி ஒட்டினால் இரண்டு கேமரா இருந்தது போலவே இருக்கும். இரண்டாவது செமஸ்டரில் பிரசாத் சார் இதற்கென்று ஒரு வாரம் ஒதுக்கினார். நாற்பது பேரும் வரிசையாக நின்று சுவரைப் பார்த்துத் தலையாட்டினோம். சென்னைக்கு அனுப்பிப் படிக்க வைக்கிற படிப்பில் இதெல்லாம் உண்டு என்று வீட்டில் நான் மூச்சு விட்டதில்லை.

வீட்டில் கேட்பதெல்லாம் ஒன்றே ஒன்றுதான். டிவியில எப்ப வருவ? இந்த ஊரை ஒட்டிய வேங்கிக்காலில் எங்கள் தெருவே அதைத்தான் கேட்கிறது. பால்காரர் கேட்கிறார், எதிர்வீட்டு எழிலரசி அக்கா கேட்கிறார், ரேஷன் கடையில் முன்பின் தெரியாத ஆள் கேட்கிறான். ஒளிபரப்பு இதழியல் என்று நான் மூன்று வருஷமாகச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன். அம்மா மட்டும் இப்போது கேட்பதை நிறுத்திவிட்டு, பி.எட். விண்ணப்பம் எப்போது கொடுக்கிறார்கள் என்று விசாரிக்க ஆரம்பித்திருக்கிறாள்.

நாளைக் காலை பத்து மணிக்குக் கடைசி ப்ராஜெக்டைத் துறையில் ஒப்படைக்க வேண்டும், கேமராவையும் சேர்த்து. பார்க்க வருகிறவர் ஒரு சேனலின் செய்தி ஆசிரியர். போன வருஷமும் அவர்தான் வந்தார். நாற்பது பேரில் ஒருத்தியை ஆறு மாதப் பயிற்சிக்கு அழைத்துக்கொண்டு போனார். அந்த ஒருத்தியின் ஐந்து நிமிடப் படத்தில் ஒரு அப்பா வாய்விட்டு அழுதிருந்தார். "அழுகை வந்துட்டா கதை தானா நிக்கும்" என்று பிரசாத் சார் அதை எங்களுக்கு மூன்று முறை போட்டுக் காட்டினார். இந்த வருஷம் அந்த இடம் எனக்கு வேண்டும். ராத்திரி தூக்கத்தில்கூட வேண்டும் வேண்டும் என்றிருக்கும்.

எனக்குக் கிடைத்தவர் கஸ்தூரி அக்கா. இந்த கெஸ்ட் ஹவுஸில் விரிப்பு துவைக்கிறவர், நாற்பத்தைந்து வயது இருக்கும். கலசபாக்கத்துக்குப் பக்கத்தில் ஊர், ஒன்றரை ஏக்கர் நிலம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவர் வீட்டுக்காரர் சுப்பிரமணி, கிரிவலம் போய்விட்டு வருகிறேன் என்று பஸ் ஏறினார். வரவில்லை. எட்டு மாதம் கழித்து ஊர்க்காரர் ஒருவர், கிரிவலப் பாதையில் சாப்பாட்டு வரிசையில் காவி வேட்டியோடு பார்த்ததாகச் சொன்னார். மறுநாளே அக்கா நிலத்தை நாத்தனாரிடம் ஒப்படைத்துவிட்டு இங்கே வந்து வேலைக்குச் சேர்ந்தார். பௌர்ணமிக்குப் பௌர்ணமி பாதையோரம் நின்று, போகிற ஒவ்வொரு தாடிக்காரர் முகத்தையும் பார்க்கிறார்.

இதைக் கேள்விப்பட்ட அன்று செழியன் என் கையைப் பிடித்துக் குலுக்கினான். அடிச்சது லக்கு என்றான். நானும் சிரித்தேன். இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் சிரித்தேன்.

மைக்கில் ஒரு நீல அட்டை டப்பா மாட்டியிருப்போம். 'மொட்டு நியூஸ்' என்று எழுதியிருக்கும். அப்படி ஒரு சேனல் எங்கேயும் கிடையாது. பயிற்சிக்காக நாங்களே வைத்துக்கொண்ட பேர். அக்கா அதை எழுத்துக்கூட்டிப் படித்தார். "எங்க வூட்டு டிவியில இது எந்த நம்பர்ல வரும்மா?" என்று கேட்டார். "சொல்றேன்க்கா" என்றேன். அவ்வளவுதான். பொய் சொல்லவில்லை என்று நான் எனக்கே சொல்லிக்கொண்டேன்.

பேட்டி அரை மணி நேரம் நடந்தது. செழியன் கேள்விக்குக் கேள்வி நிறுத்தி மூன்று துண்டாக எடுத்தான். முதல் துண்டில் பேர், ஊர், வீட்டுக்காரர் போட்டோ. இரண்டாவதில் பௌர்ணமி இரவுகள். மூன்றாவதில்தான், "கடைசியா உங்ககிட்ட என்ன சொல்லிட்டுப் போனாரு?" என்று கேட்டேன். அக்கா முந்தானை நுனியை விரலில் சுற்றினார். பிறகு, "அன்னிக்கு நான் அவர்கிட்ட பேசல. முன்னாடி நாள் சண்டை. சோறு போட்டு வச்சிட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிட்டேன். போயிட்டு வரேன்னு சொன்னாரு, காதுல வுழுந்துது. நான் திரும்பிக்கூடப் பாக்கல" என்றார். முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு அழ ஆரம்பித்தார். விரிப்புகள் அடிக்கிற சத்தம் ஒலிப்பதிவில் ஜாஸ்தியாக விழுந்துகொண்டிருந்தது. நான் காதில் ஹெட்போனோடு, மடியில் இருந்த, கேமராவுக்கு ஒலி அனுப்பும் மிக்ஸரில் குரலின் அளவைக் காட்டும் பச்சைக் கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். கோடு இறங்கிவிடக் கூடாதே என்பதுதான் என் கவலை. அழுகை நாற்பது நொடி தாண்டியதும் செழியன் எனக்குக் கட்டைவிரல் உயர்த்திக் காட்டினான்.

கீழிருந்து முதலாளியம்மா கூப்பிட, அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கிப் போனார். நாங்கள் கேமராவைத் திருப்பினோம்.

"இப்ப அந்தக் கேள்வி" என்றான் செழியன்.

நாற்காலியைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினேன். "கடைசியா உங்ககிட்ட என்ன சொல்லிட்டுப் போனாரு?" கேட்டுவிட்டுக் காத்திருந்தேன். கண்ணைச் சிமிட்டாமல், தலையை லேசாகச் சாய்த்து, ஒரு முறை, இரண்டு முறை ஆட்டினேன். உதட்டைக் கடித்துக்கொண்டேன். நன்றாக வருகிறது என்று எனக்கே தெரிந்தது.

"யாருகிட்டம்மா கேக்கற?"

விரிப்புகளுக்கு நடுவே கஸ்தூரி அக்கா நின்றிருந்தார். கையில் ஒரு பாலிதீன் உறை. அதற்குள் இன்னொரு போட்டோ. எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை.

செழியன் அவசரமாக, "இது சும்மா ஒரு ஷாட்டுக்கா. நீங்க பேசறதுக்கு நடுவுல இவள காட்டணும், அதுக்கு" என்றான்.

அக்கா நாற்காலியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அப்ப நான் சொல்லும்போது காட்டறதுக்கு இன்னா? அப்பவும் இந்தப் புள்ள கேட்டுக்கினுதான இருந்துச்சி?"

கேட்டுக்கொண்டிருந்தேனா? மாட்டுக்குத் தண்ணி என்று ஏதோ சொன்னார். அதற்கு மேல் எனக்குப் பச்சைக் கோடுகள்தான் ஞாபகம் வந்தன. சீ என்றிருந்தது.

"சரி, அது உங்க தொழிலு" என்று அக்காவே முடித்துவிட்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். உறையைப் பிரித்தார். "இதுல அவரு முகம் நல்லா தெரியும். தாடி வச்சிருந்தாலும் கண்டுபுடிச்சிடலாம். நாத்தனாருக்கு போன் போட்டு சொல்லிட்டேன், டிவியில வரப்போவுதுன்னு. தெருவுல எல்லார்கிட்டயும் சொல்லி வைக்கிறேன்னாங்க. எந்த நம்பரு, எத்தன மணிக்கு? அத மட்டும் சொல்லிடும்மா."

செழியன் என்னைப் பார்த்துக் கண்ணாலேயே வேண்டாம் என்றான். அடுத்த வாரம்னு சொல்லிட்டு இறங்கிடலாம் என்று அவன் கண் சொன்னது. ஆறு மணி பஸ் பிடித்தால் பதினொன்றுக்குள் சென்னை, விடிய விடிய எடிட்டிங், பத்து மணிக்கு எல்லாம் முடிந்துவிடும். அக்கா எந்த ஊரில் எந்த டிவியைத் திருப்பிப் பார்த்தாலும் எனக்குத் தெரியப்போவதில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. எதிர்வீட்டு எழிலரசி அக்கா மூன்று வருஷமாக என்னை டிவியில் தேடுவது போல, நாத்தனாரின் தெரு முழுக்க உட்கார்ந்து ஒவ்வொரு சேனலாக மாற்றித் தேடும்.

"டிவியில வராதுக்கா" என்றேன்.

உறையைப் பிரித்துக்கொண்டிருந்த அக்காவின் கை நின்றது.

"இது காலேஜ் பரீட்சை. இந்த மைக்குல இருக்கறது நாங்களா எழுதி ஒட்டின அட்டை. அப்படி ஒரு சேனலே இல்ல. பத்துப் பேரு பாப்பாங்க, மார்க் போடுவாங்க. நல்லா இருந்தா எனக்கு வேலை கிடைக்கும். நீங்க கேட்டப்பவே சொல்லியிருக்கணும். சொன்னா பேச மாட்டீங்கன்னு..." மைக்கைத் தரையில் வைத்தேன். "தப்புதான்க்கா."

நான் பேசி முடிக்கும்வரை அக்கா என் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஒரு தடவைகூடத் தலையாட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை. எழுந்து போயிருந்தாலும் பரவாயில்லை. கையில் போட்டோவோடு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"அந்தப் பத்துப் பேரு எங்க இருப்பாங்க?"

"சென்னையிலக்கா."

"அவரு சென்னையிலயும் இருக்கலாம் இல்ல." போட்டோவை என்னிடம் நீட்டினார். "அப்ப இதயும் காட்டு. பேரு, ஊரு சொன்னது இருக்கட்டும். நான் அழுதத மட்டும் அழிச்சிடு."

"அக்கா, அதுதான்..." என்று செழியன் ஆரம்பித்தான்.

"சண்டைய பத்தி இதுவரைக்கும் நான் யாருகிட்டயும் சொன்னதில்ல தம்பி. டிவியில அவரு பாப்பாருன்னு நெனச்சிதான் சொன்னேன். அது அவருக்கு சொன்னது. மார்க் போடறவங்களுக்கு எதுக்கு?"

போன் அதிர்ந்தது. அம்மா. எடுக்காமல் பையில் போட்டேன். செழியனிடமிருந்து கேமராவை வாங்கினேன். அவன் விடாமல் ஒரு நொடி பிடித்திருந்தான். "லூசு, யோசிச்சிக்க. அது இல்லன்னா நம்ம கதையில ஒன்னுமே இல்ல" என்று முணுமுணுத்தான். அவன் சொன்னது சரிதான். அது எனக்கு அவனைவிட நன்றாகத் தெரியும்.

அக்காவுக்குத் தெரிகிற மாதிரி கேமராவை நடுவில் வைத்துக்கொண்டு மூன்றாவது துண்டைத் திறந்தேன். சின்னத் திரையில் அக்கா வாயில் முந்தானையோடு உறைந்து நின்றார். குப்பைத்தொட்டிப் படத்தைத் தொட்டேன். அழிக்கவா என்று கேட்டது. விரல் வியர்த்து வழுக்கியதில் முதல் முறை படவில்லை. துடைத்துக்கொண்டு மறுபடி அழுத்தினேன். திரையிலிருந்து அக்கா போனார்.

ஒரு துண்டை அழித்தால் அடுத்ததைத் தானாக ஓட்டிக் காட்டுகிற கேமரா அது. எனக்கு அது நினைவில்லை. திரையில் நான் வந்தேன். வெயிலில் கண்ணைச் சுருக்காமல், தலையை லேசாகச் சாய்த்து, எதிரே யாருமே இல்லாத இடத்தைப் பார்த்து ஆட்டினேன். உதட்டைக் கடித்துக்கொண்டு மறுபடி ஆட்டினேன். கஸ்தூரி அக்கா என் தோளை ஒட்டிக் குனிந்து, முடிகிறவரைக்கும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.