மூன்றாம் எண் கதவு

ஹார்லன் ட்வெய்ட் யாரையும் நம்பாத மனிதர். அதுவே இப்போது அவரை மாட்டிவிட்டிருந்தது.

அவர் கொட்டகையில் ஒரு பழைய ஷெவ்ரலே பிக்கப் நின்றது. அந்தக் காலத்தில் மினியாபொலிஸ் பக்கம் ஒரு கம்பெனிக்காரன் முன்சக்கரமும் சேர்ந்து இழுப்பதற்கான அச்சு, கியர்ப்பெட்டி எல்லாவற்றையும் பெட்டியில் அடைத்து விற்றான். டீலர் பட்டறையில் அதைப் பூட்டிக்கொடுப்பார்கள். மொன்டானாவின் வடக்குக் கோடியில் பனிக்காலத்திலும் சிக்காமல் ஊர் போய்ச் சேர்ந்த வண்டிகள் அவைதான். இப்போது முழுசாய் மிஞ்சியவை மிகச் சில. அசல் என்பதற்கு அடையாளம், வண்டிக்குள்ளே ரிவிட் அடித்த ஒரு சின்னத் தகடு. அக்கம்பக்கத்தில் திருடர்கள் புகுந்து தகட்டை மட்டும் பெயர்த்துக்கொண்டு போனார்கள், போலி வண்டியில் அடித்து விற்க. ஹார்லன் முந்திக்கொண்டார். தன் தகட்டைத் தானே பெயர்த்து ஒளித்துவைத்தார். எங்கே என்பதுதான் மறந்துபோயிற்று.

அவருக்கு இடுப்பு விட்டுப்போய்விட்டது. அறுவடை முடிந்ததும் கிரேட் ஃபால்ஸில் மகள் வீட்டுக்குப் போயாக வேண்டும். வண்டியை அந்தரத்தில் விட்டுப் போக மனசில்லை. பில்லிங்ஸிலிருந்து கார்த் ப்ரூயட் என்ற வியாபாரி வந்தான். நேரே வண்டிக்கடியில் படுத்தான், எழுந்தான், விலை சொன்னான். கதவைக்கூடத் திறந்து பார்க்கவில்லை. முன்அச்சைக் கழற்றி வேறொரு பளபளப்பான வண்டிக்குப் போடுவான், மிச்சம் பழைய இரும்புக் கடைக்கு. அவன் சொல்லாமலே ஹார்லனுக்கு அது விளங்கிற்று.

வேறு வழி லெனோர் பிக்ஸ்பி ஒருத்திதான். தபால் வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவள். இந்த மாதிரி வண்டி ஒவ்வொன்றும் எங்கே பூட்டப்பட்டது, யார் யார் கையில் கிடந்தது என்று துருவுவதே அவள் பிழைப்பாகிவிட்டது. அசல் என்று அவள் சொல்லிவிட்டால், சந்தைத் திடலில் பழைய வண்டிகளைப் பேணும் கொட்டகைக்காரர்கள் வண்டியைப் பிரிக்காமல் வைத்து ஓட்டிக் காப்பாற்றத் தயார். சொல்லாவிட்டால் ப்ரூயட்தான்.

தகட்டைத் தேடிக் காலையிலிருந்து இருவரும் போல்ட்டும் நட்டும் நிறைந்த காபி டப்பாக்களைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். கையெல்லாம் துரு.

"ஒளிச்சு வைக்கிறவங்க சாமானைத்தான் ஒளிப்பாங்க. நீங்க இடத்தையே ஒளிச்சிட்டீங்க பெரியவரே."

"நீ தேட வருவேன்னு தெரிஞ்சிருந்தா இன்னும் நல்லா ஒளிச்சிருப்பேன்."

தகடு இல்லாமல் தன்னால் ஒன்றும் சொல்ல முடியாது, அச்சை யார் வேண்டுமானாலும் பின்னால் பூட்டியிருக்கலாம் என்றாள். அப்படியானால் என்னைப் பொய்யன் என்று நினைத்துக்கொள் என்றார் இவர். முட்டியைத் தேய்த்துக்கொண்டு ஓட்டுநர் பக்கக் கதவில் சாய்ந்தவள், சிவப்புப் பெயின்ட் தேய்ந்த இடத்தில் ஏதோ எழுத்தின் முதுகு மாதிரி தெரிவதைப் பார்த்துவிட்டாள். கொஞ்சம் தண்ணீர் விட்டு வாட்டர் பேப்பரால், அந்த உப்புத்தாளால், மேல்பெயின்டைத் தேய்த்தெடுத்துப் பார்க்கட்டுமா என்று கேட்டாள்.

தேய்த்தது தேய்த்ததுதான், திரும்ப வராது. ஹார்லன் கதவின் மேல் உள்ளங்கையை விரித்து வைத்துக் காட்டினார்.

"கை அகலம். அதுக்கு மேல நூல் அளவு போனாலும் பேப்பரைப் பிடுங்கிடுவேன்."

சிவப்புக்கு அடியில் சாம்பல். சாம்பலுக்கு அடியில் பச்சை. பச்சையின் மேல் வெள்ளை எழுத்து மெல்ல மேலே வந்தது. ஒரு டெலிபோன் கூட்டுறவுச் சங்கத்தின் பேரில் பாதி. அதற்குக் கீழே 3.

லெனோரின் கை நின்றுவிட்டது. அந்தச் சங்கம் புதுசாய் வாங்கும்போதே நான்கு சக்கரமும் இழுக்கும்படி மூன்று வண்டி பூட்டியிருந்தது. இரண்டை அவள் கண்டுபிடித்துவிட்டாள். மூன்றாவதைத் தேடித் தேடிக் கால் ஓய்ந்திருந்தாள்.

"ஹார்லன், இதுதாங்க அது. தகடே வேண்டாம்."

அவர் பேசாமல் இருந்திருக்கலாம். வாய் திறக்காவிட்டால் வேலை முடிந்தது. வலி வேறு இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கிக்கொண்டிருந்தது. டப்பா ஒன்றைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்தார்.

"அந்தக் கதவு இந்த வண்டியோடது இல்லம்மா."

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"இதோட கதவைக் காளை முட்டி நசுக்கிடுச்சு. ஹாவர் ஊர்ல பழைய இரும்புக் கடையில ஒரு வண்டி கிடந்துச்சு. கதவு மட்டும் நேரா இருந்துச்சு. இதே மாதிரி சிவப்பா வேற இருந்துச்சு. கழட்டிட்டு வந்தேன்."

"மீதி வண்டி?"

"நான் காசு குடுத்துட்டு நிக்கும்போதே கடைக்காரன் அதை நசுக்கிட்டான்."

லெனோர் ஃபுட்போர்டில் உட்கார்ந்துவிட்டாள். பிளாஸ்கிலிருந்த காபியை மூடியில் ஊற்றி, குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தாள். வெளியே பனி உருகிச் சேற்றில் சொட்டிக்கொண்டிருந்தது.

"சும்மா இருந்திருக்கலாமில்ல? நான் அசல்னு சொல்லிட்டுப் போயிருப்பேன்."

"அப்புறம் அந்தத் திடல்ல இது வேற ஒருத்தன் பேரைச் சொல்லிக்கிட்டு நிக்கும். அதுக்கு ப்ரூயட்டே வந்து அறுத்துட்டுப் போகட்டும்."

அவள் காபியைக் குடித்து முடித்தாள். தகடு இல்லை, ஆனால் வண்டிக்காரர் வாக்கு இருக்கிறது, அதற்கு நான் பொறுப்பு என்று திடல்காரர்களிடம் சொல்லப்போவதாகச் சொன்னாள். முகத்தைச் சுளிப்பார்கள், ஆனாலும் வண்டியை எடுத்துக்கொள்வார்கள் என்றாள்.

"எதை நம்பி?"

"காரியம் கைகூடி வந்த நேரத்துல அதைக் கெடுத்துக்கிட்ட ஆளு நீங்க. வேற என்ன வேணும்?"

ஹார்லன் அதை நம்பவுமில்லை, மறுக்கவுமில்லை. எழுந்து கதவருகே போனார். பாதிப் பேர் ஈரத்தில் மின்னிக்கொண்டிருந்தது. நசுங்கிப்போன அந்த மூன்றாம் எண் வண்டியில் இனி மிச்சம் இவ்வளவுதான்.

"மீதிப் பேரையும் தேய்ச்சு வெளியே கொண்டாந்துடு," என்றார். "பாதிப் பேரோட நிக்க வேண்டாம்."

தேய்த்துத் தேய்த்து அவள் கை ஓய்ந்திருந்தது. வாட்டர் பேப்பரை அவரே வாங்கிக்கொண்டார். அவள் தண்ணீரை ஊற்றினாள்.