யார் பேசினாலும்

கொழுந்தன் உள்ளே வந்து "அண்ணே" என்றதும், மானிட்டர் திரையில் நூற்றிருபதில் இருந்த ரத்த அழுத்தம் நூற்றெண்பதுக்கு ஏறியது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த அவள் கணவனுக்கு நெற்றியெல்லாம் வேர்வை அரும்பியது. கைகள் விறைத்தன. பாதி திறந்த கண்கள் மட்டும் யாரையும் பார்க்கவில்லை.

"நான்தான்னு தெரியுது அண்ணி. கோவம் இன்னும் அடங்கலை" என்று சொல்லிவிட்டு அவன் வராந்தாவுக்குப் போய்விட்டான்.

அண்ணன் தம்பி இருவருக்கும் பெயிண்ட் அடிக்கிற வேலை. ஐந்து வாரத்துக்கு முன்னால் அண்ணன் மேலே நிற்க, தம்பி கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றான். போன் அடித்தது. எடுப்பதற்காகக் கையை விட்டான், ஏணி சரிந்தது, அவ்வளவுதான். அதை அவளிடம் மட்டும் சொல்லியிருந்தான். அவள் திட்டவில்லை. வேளாவேளைக்குச் சாப்பாடு போட்டாள், பேச்சை மட்டும் நிறுத்திவிட்டாள்.

டாக்டரம்மா வந்ததும் அவளே கேட்டாள்.

"கோவமெல்லாம் இல்லம்மா. அடிபட்டதுல மூளையோட பிடி தளர்ந்துபோச்சு. பிரஷரை ஏத்துற நரம்பு சின்ன விஷயத்துக்கும் முறுக்கிக்குது. அதை அடக்க ஆளில்லை. சளி எடுத்தா ஏறும், விரிப்பு மாத்தினா ஏறும்."

"குரல் கேட்டா?"

"யார் பேசினாலும் ஏறும். அடையாளம் தெரியுதுன்னு இதை வெச்சுச் சொல்ல முடியாது. போகப்போகக் குறையலாம்."

அவள் தலையாட்டினாள். தினமும் காலையில் கணவனின் காதோரம் குனிந்து வீட்டுக் கதை பேசுவாள். அப்போதும் எண் ஏறும். தன் குரல் அவனுக்குத் தெரிகிறது என்ற அந்த நினைப்பை யாரிடமும் சொல்லாமல் முந்தானையில் முடிந்துவைத்தது போல் வைத்திருந்தாள்.

வராந்தா பெஞ்சில் கொழுந்தன் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சொல்லாமலே விட்டுவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. சொன்னால் இவன் பாரம் இறங்கும், தன் கையில் ஒன்றும் மிஞ்சாது.

"தம்பி" என்றாள். ஐந்து வாரத்தில் முதல்முறை. "அது கோவம் இல்லையாம். யார் பேசினாலும் ஏறுமாம்."

அவன் நிமிர்ந்து பார்த்தான். "நீங்க பேசினாலுமா அண்ணி?"

"நான் பேசினாலும்."

அவன் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கினான். அவளுக்கு அழுகை வரவில்லை. உள்ளே போய் ஸ்டூலைத் திருப்பிப் போட்டு, திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். பிறகு கணவனின் விறைத்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டபடி, சின்ன மகளுக்கு முன்பல் விழுந்ததையும், அதை யாருக்கும் தராமல் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனதையும் மெல்லச் சொல்ல ஆரம்பித்தாள்.