இடப்பக்கப் பெட்டி

கண்ணை மூடிக்கொண்டு கேட்பதுதான் உத்தமம் என்று முடிவு செய்தார் ஒலிப்பதிவாளர். திறந்திருந்தால் கண்ணே காட்டிக்கொடுத்துவிடும்.

இடது காது அடங்கி மூன்று மாதமாகிறது. ஒரு நாள் காலையில் எழுந்தபோது யாரோ பஞ்சை அடைத்ததுபோல இருந்தது. இரண்டே நாளில் அந்தப் பஞ்சுகூட இல்லை, வெறும் சூனியம். மாத்திரை, ஊசி எல்லாம் கொடுத்துப் பார்த்துவிட்டுக் காது டாக்டர் கையை விரித்துவிட்டார். விஷயம் அவர்கள் இருவரோடு நின்றது. முப்பது வருடமாகப் பாட்டுகளில் எந்தக் குரல் இடப்பக்கம், எந்த வாத்தியம் வலப்பக்கம் என்று பிரித்து வைத்துப் பிழைக்கிற மனிதர். அவருக்கு ஒரு பக்கமே இல்லையென்று வெளியே கசிந்தால், மறுநாள் எந்த ஸ்டூடியோ கூப்பிடும்?

மனைவியிடமும் மூச்சு விடவில்லை. அவளோ இதற்குள் ஒரு காரியம் செய்திருந்தாள். கல்யாணமாகிப் போன மகளின் அறையைக் காலி செய்து, கனத்த திரை தைத்து மாட்டி, கம்பளம் விரித்து, நடுவில் இரண்டு நாற்காலியும் போட்டுவிட்டு, "ஸ்பீக்கர்தான் பாக்கி. நல்லதாவே வாங்குவோம், கிளம்புங்க" என்று வந்து நின்றாள். பன்னிரண்டு வருடமாக அவர் ஆசைப்பட்ட பாட்டறை. வேண்டாமென்று சொல்ல வாய் வரவில்லை.

ஸ்பீக்கர் கடைக்காரருக்கு ஸ்டூடியோ வட்டாரத்தில் 'ரேடியோ' என்று பட்டப்பெயர். காலையில் அவர் காதில் விழுந்தது மாலைக்குள் ஒலிபரப்பாகிவிடும்.

"அண்ணே, உங்க காதுக்கு முன்னாடி நான் வாயே திறக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு அரை மணி நேரம் அவர் வாயை மூடவில்லை. சுவரோரம் ஆள் உயரத்தில் நாலு ஜோடிப் பெட்டிகள். முதல் ஜோடியைப் பொத்தாம்பொதுவாகத் தலையாட்டிச் சமாளித்தாயிற்று.

"இப்ப இந்த ஜோடி. பாடறவங்க எங்க நிக்கிறாங்கன்னு மட்டும் சொல்லுங்க." ரேடியோ வயரை மாற்றிச் சொருகிப் பாட்டைப் போட்டார். அதற்குள் செல்போன் அடிக்கவே வெளியே ஓடினார்.

நல்ல ஜோடியென்றால், பாடுகிறவர் இரண்டு பெட்டிக்கும் நடுவே வெறுங்காற்றில் நிற்பதுபோலக் கேட்க வேண்டும். இவருக்கு மூன்று மாதமாக உலகமே வலது ஓரத்தில்தான் நிற்கிறது. ஏதாவது சொல்லியாக வேண்டும்.

"அடடா! நட்ட நடுவுல நிக்கிறா பாரு. ரெண்டு பெட்டியும் ஒண்ணா மூச்சு விடுது!"

கண்ணைத் திறந்தார். மனைவி இடப்பக்கப் பெட்டியருகே குனிந்து, ஜுரம் பார்ப்பதுபோல அதன்மேல் உள்ளங்கையை வைத்திருந்தாள். பிறகு காதை வைத்தாள். பெட்டிக்குப் பின்னால் சொருகாத வயர் தரையில் கிடந்தது.

அவள் எழுந்து அவர் நாற்காலிக்குப் பின்னால் வந்தாள். இடது கன்னத்தில் அவள் மூச்சு சுட்டது. ஏதோ சொல்கிறாள். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. என்ன சொல்கிறாள் என்று தெரியவில்லை.

வலப்பக்கம் வந்தாள். "எத்தனை நாளா?"

அவர் வாய் திறப்பதற்குள் ரேடியோ நுழைந்தார். "ஐயய்யோ, லெஃப்ட் வயரையே நான் சொருகலையே! அண்ணே, நீங்ககூடவா சொல்லலை?"

முப்பது வருடமும் அந்த ஒரு கேள்வியில் வந்து தொங்கியது.

"அவர் எங்க சொல்வார்?" என்றாள் மனைவி. "நீங்க கண்டுபிடிக்கவே மாட்டீங்கன்னு என்கிட்ட பந்தயம் கட்டினார். வந்த உடனே பிடிச்சுட்டீங்களே! மூக்கு உடைஞ்சு உக்காந்திருக்கார், பாருங்க."

ரேடியோவுக்குப் பல்லெல்லாம் தெரிந்தது. "என்கிட்டயா அண்ணே விளையாடறீங்க!"

யோசித்துச் சொல்கிறோம் என்று வெளியே வந்தார்கள். எப்போதும் காரின் முன்சீட்டில் அவருக்கு இடப்பக்கம் உட்காருகிறவள், பின்கதவைத் திறந்து அவருக்குப் பின்னால் ஏறினாள்.

"அங்க ஏன்?"

"இங்கேர்ந்துதானே கேக்கும்."

சாவியைச் சொருகினார், திருகவில்லை. "திங்கட்கிழமை ஒரு பாட்டு முடிச்சுக் குடுக்கணும். முடியாதும்மா. எத்தனை நாள் ஏமாத்துவேன்? எனக்கு வேற வேலையும் தெரியாது." ஸ்டீயரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டார்.

அவள் அவர் வலது தோளில் கையை வைத்தாள்.

"மேஜையில, கட்டில்ல, எல்லாம் உங்க இடது பக்கமே இருந்து பேசிருக்கேன். கேட்டதுக்குப் பதிலே வராது. அலுத்துட்டேன் போலன்னு நினைச்சேன். எவளாவது பாட்டுக்காரியோன்னுகூட நினைச்சு அழுதேன், தெரியுமா?"

அவருக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன.

"நான் சொன்னதுல எதெல்லாம் கேக்கலை?"

"கேக்காதது எதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

திங்கட்கிழமைக்கு அவளிடமும் பதில் இல்லை. முன்னால் நகர்ந்து, அவர் வலது காதருகே முகத்தைக் கொண்டுவந்தாள்.

"சரி, வண்டியை எடுங்க. மூணு மாசத்தையும் முதல்லேர்ந்து சொல்றேன்."