விமானத்தில் வருகிற மகன்

"பிளேனு எத்தினி மணிக்கும்மா?" என்று விமலாவைக் கேட்டபடியே பக்கத்து வீட்டு ஏசுபாதம் வாடகைக் காரின் கதவைத் திறந்தார். அவள் புருஷனைக் கூட்டிவரப் பெங்களூர் விமான நிலையத்துக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார்.

உள்ளே பெஞ்சில் அவள் மாமனார் தங்கவேலுவைக் கிடத்தியிருந்தார்கள். விடியற்காலையில் போன உயிர். முப்பது வருஷம் சுரங்கத்துக்குள் பாறை குடைந்த மனுஷன். மகன் ராகேஷ் மெட்ராசில் 'தென்வான்' விமானக் கம்பெனியில் சேர்ந்ததிலிருந்து அவர் பண்ணிய அலப்பறை கொஞ்சமா! தலைக்கு மேல் எது பறந்தாலும், "நம்ம கம்பெனி பிளேனு" என்பார். இருந்ததே ரெண்டு சின்ன விமானம். ஒன்று பழுதாகி நின்றது, மற்றது ஆள் ஏறாமல் நின்றது. மூன்றாம் வருஷமே கம்பெனியை மூடிவிட்டார்கள்.

அது நடந்து ஆறு மாதம். ராகேஷ் இப்போது கூரியர் ஆபீசில் மூட்டை கட்டுகிறான். அப்பாவின் நெஞ்சு தாங்காது என்று விமலாவின் வாயைக் கட்டிப்போட்டிருந்தான். காலையில் போன் பூத்துக்கு அழைத்தபோதுகூட, "ட்ரெய்ன்ல வரேன், மூணு மணிக்கு பங்காருபேட்டை. யார்கிட்டயும் சொல்லிடாத" என்றுதான் சொன்னான்.

ஞாயிற்றுக்கிழமை. நாலரைக்கு ராகுகாலம், அதற்குள் எடுத்தாக வேண்டும். ரயிலைவிட்டு இறங்கிப் பஸ்ஸுக்கு நின்றால் வந்து சேரமாட்டான். பங்காளி மகன் கொள்ளி வைத்துவிடுவான். இருக்கிற ஒரே காரும் பெங்களூருக்குப் போகிறது. பாழாய்ப்போன விமானம்!

விமலா உள்ளே ஓடி மாமியார் ஜெயம்மாவின் காதருகே குனிந்தாள். "அத்தை, அவரு பிளேன்ல வரல. அந்தக் கம்பெனியே இப்ப இல்ல."

ஜெயம்மா தலை நிமிரவில்லை. "தெரியும். பேப்பர்ல வந்துது. உங்க மாமாதான் படிச்சாரு. புள்ள தானா வந்து சொல்றவரைக்கும் கேக்காதன்னாரு."

விமலாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. போன வாரம்கூட அண்ணாந்து பார்த்துப் பீற்றிக்கொண்டாரே!

ஜெயம்மா எழுந்து வாசலுக்கு வந்தாள். தெருவே கேட்கிற மாதிரி சொன்னாள். "ஏசுபாதம் அண்ணா, பிளேன் கேன்சலாம். புள்ள ட்ரெய்ன்ல வரான். பங்காருபேட்டைக்குப் போங்க."

அவர் காரில் ஏறினார்.

நாலு மணிக்கு வந்து இறங்கிய ராகேஷ், கம்பெனியின் வெள்ளைச் சட்டையைப் போட்டிருந்தான். சட்டைப் பையின் மேல், இறக்கைச் சின்னம் குத்தியிருந்த இடத்தில், ரெண்டு சின்ன ஓட்டைகள். அவன் அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, நான்..." என்று ஆரம்பித்தான்.

"சட்டையக் கழட்டுப்பா. தண்ணி ஊத்தணும்," என்றாள் ஜெயம்மா.

கழற்றிக் கொடுத்தான். அவள் அதைப் பை உள்பக்கம் வருகிற மாதிரி மடித்து, மடியில் வைத்துக்கொண்டாள்.