வரிக்கு வரி என் தம்பி

எனக்குக் கோபம் சட்டென்று வரும், சட்டென்று போய்விடும் என்று அம்மா பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். இந்தக் கோபம் போகவில்லை. போகவும் வேண்டாம்.

நானும் தம்பியும் சேர்ந்து ஒரு மென்பொருள் எழுதினோம். ஒரு பாட்டின் சுரங்களைக் கொடுத்தால், அது எந்த ஸ்கேல் என்கிற சுர வரிசை, எந்த இடத்தில் எந்த கார்டு என்கிற சுரக்கூட்டு, எங்கே பாட்டு இன்னொரு ஸ்கேலுக்குத் தாவுகிறது என்று பிரித்துச் சொல்லிவிடும். தம்பி கீபோர்டு சொல்லித் தருகிறவன். இசை இலக்கணம் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. நான் ஒரு மருத்துவமனையின் கணினிப் பிரிவில் வேலை பார்க்கிறவள்; பாட்டு கேட்கத் தெரியும், அவ்வளவுதான். அவன் விதியைச் சொல்வான், நான் எழுதுவேன். போகப்போக அவனும் எழுதக் கற்றுக்கொண்டான். யார் வேண்டுமானாலும் காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம், உள்ளே திறந்து படிக்கலாம், மாற்றலாம். மாற்றியதை இதேபோல மற்றவர்களுக்கும் கொடுத்துவிட வேண்டும். அந்த நிபந்தனையோடுதான் வெளியிட்டோம். பள்ளிக்கூட பாட்டு வாத்தியார்களும் ஆராய்ச்சி மாணவர்களும் நன்றி சொல்லி எழுதுவதைச் சாப்பிடும்போது எனக்குப் படித்துக் காட்டுவான். "நம்ம புள்ள நல்லா பேர் வாங்குது பாரு" என்பான்.

இந்த வேலையில் ஒரு வழக்கம் உண்டு. எழுதினவரே அதை உள்ளே சேர்த்துவிட முடியாது. இன்னொருவர் வரிவரியாகப் படித்துப் பார்த்து 'சரி' கொடுக்க வேண்டும். எந்த வரியை யார் எழுதியது என்று பக்கத்திலேயே பெயரும் நிற்கும். தம்பி எழுதியதற்கு அந்த இன்னொருவர் எப்போதும் நான்தான்.

போன வருடம் தம்பி வந்து உட்கார்ந்தான்.

"அக்கா, உன்னோட பழைய பகுதியெல்லாம் சுத்தி வளைச்சு இருக்கு. நான் சுத்தம் பண்ணி புதுசா எழுதிடறேன். நீ பாத்து சரி சொல்லு."

"எழுதுடா. வேகமா ஓடினா சந்தோஷம்தானே."

எனக்கு உள்ளுக்குள் பெருமை வேறு. தம்பி தேறிவிட்டான் என்று அம்மாவிடம்கூடச் சொன்னேன். வேலை முடிந்து வந்து, செருப்பைக் கழற்றியதும் கழற்றாததுமாக அவன் எழுதியதைத் திறந்து உட்காருவேன். மைனர் ஸ்கேலில் அவன் ஓரிடத்தில் கோட்டை விட்டிருந்தான். இசை தெரியாத நான்தான் அதைப் பிடித்தேன். புதியதும் பழையதும் ஒரே விடையைத்தான் சொல்கின்றனவா என்று பார்க்கச் சோதனைகளையும் நானே தனியாக எழுதித் தந்தேன். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதைச் சிரித்த முகத்தோடு செய்தேன்.

பழைய தாலாட்டுகளை ஒலிப்பதிவு செய்து ஆராய்கிற ஒரு பெண் எங்களோடு அடிக்கடி பேசுவாள். ஒருநாள் அவள்தான் போன் செய்தாள்.

"அடுத்த பதிப்புலேர்ந்து விலைக்குத்தான், உள்ள திறந்து பாக்கவும் முடியாதுன்னு உங்க தம்பி சொல்றார். என் ஆராய்ச்சி பாதியில நிக்குதுங்க. நீங்க எப்படி ஒத்துக்கிட்டீங்க?"

"நான் எங்கே ஒத்துக்கிட்டேன்? என் வரி ஒண்ணு உள்ள இருந்தாலும் நான் சரின்னு சொல்லாம அந்த நிபந்தனைய மாத்த முடியாது. பயப்படாதீங்க."

சொல்லிவிட்டுத் திறந்து பார்த்தேன். மேலிருந்து கீழே உருட்டினேன். தம்பி பெயர், தம்பி பெயர், தம்பி பெயர். வரிக்கு வரி அவன்தான் இருந்தான்.

நேரே அவன் வகுப்பறைக்குப் போனேன். மாணவர்கள் போய்விட்டிருந்தார்கள். கீபோர்டு கட்டைகளை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தான்.

"என் வரி ஒண்ணுகூட இல்லையேடா."

அவன் தலை நிமிரவில்லை. "வாங்கப்போற கம்பெனி போட்ட ஒரே கண்டிஷன் அது. இன்னொருத்தர் எழுதினது எதுவும் இருக்கக்கூடாதுன்னாங்க."

"அதுக்குத்தான் சுத்தம் பண்றேன்னு வந்தியா?"

"உன்கிட்ட கேட்டா நீ ஒத்துக்க மாட்டே."

"மாட்டேன்தான். அதுக்கு என்னை வெச்சே என்னைத் துடைப்பியா? வேற யார்கிட்டயாவது காட்டியிருக்கலாமே."

"உன்னை மாதிரி தப்பு கண்டுபிடிக்க யாரு இருக்காங்கக்கா?"

பாவி, அதைப் பாராட்டாகத்தான் சொன்னான். கூடப் பிறந்தவன் நம்ப வைத்துக் கழுத்தை அறுத்தான், கத்தியைத் தீட்டிக் கொடுத்தவள் நான். பஸ்ஸில் வரும்போது அழுகை வந்தது. பக்கத்து இருக்கை அம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஆனால் ஒன்று. முன்பே வெளியிட்ட பதிப்பை யாராலும் திரும்பப் பிடுங்க முடியாது. யார் வேண்டுமானாலும் எடுத்து வளர்க்கலாம். அந்த யாரோ நானாகவும் இருக்கலாமே. சுத்தம் செய்வதற்கு முந்தைய பதிப்பை எடுத்தேன். வேறு பெயர் வைத்தேன். முதல் பக்கத்தில் எழுதியவர்கள் பெயரைப் போட வேண்டும். என் பெயரைப் போட்டேன், கை நின்றுவிட்டது. அதில் பாதி அவனுடையது. எழுதினவர் பெயரை எடுக்கக்கூடாது என்பதும் எங்கள் நிபந்தனைதான், நாங்கள் இரண்டு பேரும் விரும்பி ஒத்துக்கொண்டது. பல்லைக் கடித்துக்கொண்டு அவன் பெயரையும் தட்டினேன். வெளியிட்டுவிட்டுத் தாலாட்டுப் பெண்ணுக்குச் சொன்னேன்.

அந்த வாரமே தம்பி கூப்பிட்டான். குரல் இறங்கியிருந்தது.

"அக்கா, நீ போட்டது போட்டதா இருக்கட்டும். என் பேரை மட்டும் எடுத்துடு. அங்க விலைக்கு வித்துட்டு இங்க நானே சும்மா கொடுக்கிற மாதிரி இருக்குன்னு கம்பெனில கத்தறாங்க."

"பாதி நீ எழுதினதுடா."

"பரவால்லக்கா. எல்லாம் நீ எழுதினதுன்னே போட்டுக்கோ. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"நீ சொல்ல மாட்டே. எனக்குத்தான் அடுத்தவங்க எழுதினதைத் துடைக்க வராதுடா" என்றேன்.