இருபத்தேழு என்று சொன்னேன்

ஜூலை 9, புதன்.

நேற்றைய கணக்கில் ஒரு சிறு பிழை. ‘ஓர் அப்பா’ என்று வைத்து விடை கண்டேன். ‘என் அப்பா’ என்று வைத்திருக்க வேண்டும்.

அப்பா திங்கட்கிழமை பஸ்ஸில் தூங்கிவிட்டார். எங்கள் ஊரில் இறங்கவில்லை. பஸ்ஸில் விட்டுப்போனவற்றை டெப்போவில் ஓர் இருட்டறையில் வைப்பார்கள். குடை, தூக்குவாளி, அப்பா எல்லாம் ஒரே அறைதான். வியாழன் மாலை ஐந்து மணிக்கு அறையைக் காலி செய்து, மீதியை வேறு தடங்களில் ஓடும் பஸ்களில் ஏற்றிவிடுவார்கள். அப்புறம் தேட முடியாது.

அறையில் விளக்குப் போடக் கூடாது. ஜன்னல் வழியாகக் கையை விட்டு, அகப்பட்டதை இழுக்க வேண்டும். எத்தனை முறை இழுப்போம் என்று முன்பே சொல்லிவிட வேண்டும். தேவைக்கு மேல் ஒன்று கூடச் சொன்னாலும் ஜன்னலை மூடிவிடுவார்கள். வந்ததைத் திருப்பித் தர முடியாது.

ஜன்னலில் இருப்பவர் ஜெபமணி அக்கா. நேற்று பூக் கட்டிக்கொண்டே கேட்டார்.

“குடை பதினேழு, வாளி ஒம்பது, அப்பா பன்னெண்டு. எத்தனை?”

மாலை வகுப்பில் இந்த வகைக் கணக்கு ஒன்றுதான் எனக்குக் கொஞ்சம் வரும். நமக்கு அதிர்ஷ்டமே கிடையாது என்று வைத்துக்கொள்ள வேண்டும். முதலில் எல்லாக் குடைகளும் வரும். பிறகு எல்லா வாளிகளும் வரும். அதற்கு அடுத்து வருவது அப்பாவாக இருந்தே ஆக வேண்டும்.

“இருபத்தேழு.”

“பரவால்லியே பிள்ள,” என்றார்.

பதினேழு குடைகள் வந்தன. ஒன்பது வாளிகள் வந்தன. ஓர் அப்பா வந்தார்.

“அக்கா, இவரு வேற ஆளு.”

“அப்பாதான?”

“அப்பாதான். ஆனா எங்கப்பா இல்ல.”

“அப்பாவுக்குத்தான கணக்குப் போட்ட? விடை சரி. கூட்டிட்டுப் போ.”

அவர் பெயர் ஆறுமுக நயினார். திரும்பி வரும்போது எனக்கும் சேர்த்து அவரே டிக்கெட் எடுத்தார். குடைகளுக்கும் எடுத்தார். வீட்டில் அப்பாவின் நாற்காலியில் உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை, பக்கத்தில் நின்றுகொண்டார். சாப்பிடும்போது, ரசம் நல்லா இருக்கும்மா என்றார். அப்பா இதுவரை அப்படிச் சொன்னதில்லை. நான் அடுப்படிக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன்.

இன்று இருவருமாக டெப்போவுக்குப் போனோம். நடைவழி நேற்றைவிட நீளமாக இருந்தது. தப்பாகக் கணக்குப் போட்டவர்களுக்கு அது நீளும். பாதியில் நயினாருக்கு மூச்சு வாங்கியது. ஊன்றிக்கொள்ள ஒரு குடை கொடுத்தேன்.

“குடை இல்ல, வாளி இல்ல. அப்பா பதினொண்ணு. எத்தனை?” என்றார் ஜெபமணி அக்கா.

நான் ஜன்னலுக்குள் தலையை நீட்டி “அப்பா” என்று கூப்பிட்டேன்.

பதினொரு பேரும் “என்னம்மா” என்றார்கள். எனக்குப் பின்னால் நின்ற நயினாரும் “என்னம்மா” என்றார்.

உள்ளே ஒருவர் இருமினார். என் அப்பா இருமுவார். ஆனால் உடனே மற்றவர்களும் இருமினார்கள்.

“பத்து போதுமா அக்கா? பத்துப் பேரும் இல்லேன்னா, மிச்சம் இருக்கவரு எங்கப்பாதான்னு உறுதியாத் தெரிஞ்சிரும்ல?”

“தெரிஞ்சிரும். ஆனா அவரு உள்ளதான இருப்பாரு.”

அது எனக்குத் தோன்றவில்லை. தெரிவதும் கிடைப்பதும் ஒன்று என்று நினைத்துவிட்டேன். வகுப்பிலும் இதே இடத்தில்தான் எனக்கு மார்க் போகும்.

பதினொன்று என்று சொல்ல வாயைத் திறந்தேன். நயினார் மெதுவாகத் தொண்டையைச் செருமினார்.

“நாளைக்கு எம்மவ வருவாம்மா. அவ கணக்குல புலி. பாவம், அவ எந்த எண்ணைச் சொன்னாலும் நான் இங்க இருக்க மாட்டேனே.”

“மத்தவங்க பிள்ளைகளும் நாளைக்குத்தான் வருதாங்க,” என்றார் ஜெபமணி அக்கா. “சொல்லு பிள்ள. பூ கட்டி முடிச்சாச்சு.”

பதினொன்று சொன்னால் என் விடை சரி. மற்றவர்கள் எல்லோருடைய விடையும் தப்பாகிவிடும். குறைத்துச் சொன்னால் அப்பா உள்ளேயே இருந்துவிடலாம். அதிர்ஷ்டம் இல்லாத எனக்கு அவர் கடைசியாகத்தான் வருவார். நான் ஒன்றும் சொல்லவில்லை. ஜன்னல் மூடியது.

திரும்பும் பஸ்ஸில் நயினார் தூங்கிவிடாமல் பார்த்துக்கொண்டேன். விடை அப்போதுதான் வந்தது. வழக்கம்போல் மணி அடித்த பிறகு. இருட்டில் எடுப்பதால்தான் பதினொன்று தேவைப்படுகிறது. வெளிச்சத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒன்று போதும்.

இது சரிதானா என்று இரண்டு முறை சரிபார்த்தேன். நயினாரிடமும் காட்டினேன். “எம்மவளும் இப்படித்தான் போடுவா” என்றார்.

நாளை செய்ய வேண்டியது: ஜன்னல் திறக்குமுன் முதல் ஆளாக நிற்க வேண்டும். பதினொன்று என்று சொல்ல வேண்டும். அப்பா முதலிலேயே வந்துவிட்டாலும் நிறுத்தாமல் கடைசிவரை இழுக்க வேண்டும். எல்லோரையும் நயினாரோடு சேர்த்து டெப்போ வாசலில், வெயிலில், முகம் தெரியும்படி வரிசையாக நிறுத்த வேண்டும். பிள்ளைகள் வந்து சேரும்வரை ஆளுக்கொரு குடை. குடை போதும்.

காலையில் பன்னிரண்டு பேருக்குச் சமைக்க வேண்டும். வாளி ஒன்பதுதான். எப்படிப் பங்கிட்டாலும் ஒரு வாளியிலாவது இரண்டு பேர் சேர்ந்து சாப்பிட வேண்டிவரும். அந்த வாளிக்கு அப்பாவையும் நயினாரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைக்க வேண்டும். ரசத்துக்கு இப்போதே புளி ஊறப்போட வேண்டும்.