பிசிறு

வெயில் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டிருந்த ஒரு பெண் பைண்டரின் நோட்டைக் கையில் எடுத்தாள். முன்னும் பின்னும் திருப்பினாள். மூன்று பக்கமும் சீவிய விளிம்பில் விரலை ஓட்டினாள்.

"இது மிஷின்ல செஞ்சதா?"

"கையில செஞ்சதுங்க. விரிச்சுத் தையலைப் பாருங்க."

அவள் விரிக்கவில்லை. "கடையில வாங்குனது மாதிரியே இருக்கு" என்று பாராட்டுவதுபோலச் சொல்லி வைத்துவிட்டு, மேசையின் மறுபாதிக்கு நகர்ந்தாள். அங்கே சகலையின் நோட்டுகள் கிடந்தன. தாளை வெட்டாமல் இரும்பு ஸ்கேலை அழுத்திப் பிடித்துக் கிழித்திருந்தான், விளிம்பெல்லாம் பிசிறு. முதுகை மூடவில்லை. சிவப்பு நூல் தையல் வெளியே தெரிந்தது, அதுவும் கோணல்.

"இதுல ஒரு உயிர் இருக்குல்ல" என்றாள். தனக்கு ஒன்று, தோழிக்கு ஒன்று வாங்கிக்கொண்டாள்.

பைண்டர் சந்தை கூடும் பூங்காவின் கம்பி வேலியைப் பார்த்துக்கொண்டு நின்றான். உயிராம்.

ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் மேசை போட்டவன் அவன். அச்சகத்தின் பைண்டிங் பிரிவில் மீசை முளைக்கும் முன்பே சேர்ந்தவன். பசையில் ஊறிய விரல் நுனிகளில் ரேகை கிடையாது. அங்கே மிஞ்சும் நல்ல தாளை விலைக்கு வாங்கி வீட்டில் நோட்டுப் போடலாம் என்று கண்டுபிடித்தவனும் அவன்தான். சகலை, அதாவது அவன் மனைவியின் தங்கையைக் கட்டியவன், கிடங்கில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தான். எல்லோருக்கும் அவன் 'லோடு'. முதுகெலும்பு விலகி, இனி கனம் தூக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவனை, "பாவம், தாள் மடிக்கவாவது கூப்பிடுங்க" என்று மனைவி சொன்னதால் பைண்டர் கூப்பிட்டான். மடித்தான். பிறகு ஊசி பிடித்தான். பிறகு மேசையில் பாதியைப் பிடித்தான்.

அந்த வாரம் அச்சகத்திலிருந்து வந்ததும் பைண்டரும் ஒரு தாளைக் கிழித்துப் பார்த்தான். கை கேட்கவில்லை. வேகமாகக் கிழித்தாலும் நேராகவே வந்தது. உப்புத்தாள் எடுத்து விளிம்பைத் தேய்த்தான். தையலை வேண்டுமென்றே கோணலாகப் போட்டான். இரண்டு முடிச்சு தள்ளி, தன்னால் நேரானது. மனைவி எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க இது, எலி கடிச்சதா?"

"இப்ப இதுதான் ஃபேஷன்."

"தம்பி செஞ்சா பாக்க நல்லாருக்கு. நீங்க செஞ்சா வேணும்னே கெடுத்த மாதிரி இருக்கு." சிரித்துக்கொண்டே போய்விட்டாள். சொந்தப் பொண்டாட்டி.

அடுத்த சந்தையில், கடைத்தெருவில் பரிசுப்பொருள் கடை வைத்திருக்கும் அம்மாள் வந்தார். இரண்டு பாதியையும் நின்று பார்த்தார். "எங்கிட்ட ஒரு அலமாரி காலியாகுது. வருஷம் முழுக்க நோட்டு மட்டும் வைக்கப்போறேன். ஒருத்தர் சரக்குதான் வைக்க முடியும். ரெண்டு பேரும் நல்லதா செஞ்சு எடுத்துட்டு வாங்க, பாத்துச் சொல்றேன்."

பைண்டருக்கு அந்த அலமாரி கண்ணுக்குள் நின்றது. கண்ணாடிக் கதவு, உள்ளே விளக்கு, வரிசையாக அவன் நோட்டுகள். அச்சகத்தில் அவன் பைண்டு செய்த புத்தகங்களில் எழுதியவன் பெயர் இருந்தது, அச்சடித்தவன் பெயர் இருந்தது. பைண்டு செய்தவன் பெயரை யாரும் போட்டதில்லை. அலமாரி கிடைத்தால் விலைச் சீட்டில் தன் பெயரை எழுதி ஒட்டச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டான்.

கடைக்குப் போகும் முன் மனைவியோடு சகலை வீட்டுக்குப் போனான். என்ன செய்கிறான் என்று பார்க்காமல் இருப்புக் கொள்ளவில்லை. லோடு தரையில் தலையணையை முட்டுக்கொடுத்து உட்கார்ந்து, அட்டைகளுக்குத் துணி ஒட்டிக்கொண்டிருந்தான்.

"வாங்கண்ணே. உங்ககிட்ட எவ்வளவு நாள்தான் அட்டை வாங்குறது. நானே முழு அட்டை வாங்கி வெட்டிட்டேன். பாருங்க, ஒரு துண்டு வீணாகல."

"மூட்டை அடுக்குன கையாச்சே" என்றான் பைண்டர்.

"அதான். நெடுக்க கொஞ்சம் வெட்டினேன், மிச்சத்துல அட்டையைத் திருப்பிப் போட்டு வெட்டினேன். சந்துல காத்துகூடப் போகாது."

பைண்டர் ஒரு துண்டை எடுத்து நெடுக்கில் வளைத்தான், குறுக்கில் வளைத்தான். மரத்துக்கு இருப்பதுபோல அட்டைக்கும் இழை உண்டு. அந்த இழை நோட்டின் முதுகோடு ஒத்து ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் பசை காயக் காய அட்டை வளையும். இதுவரை பைண்டர் வெட்டிக் கொடுத்த அட்டையைத் தைத்தவனுக்கு அது தெரிய வழியில்லை. கையிலிருந்தது குறுக்கு. அடியிலிருந்து இன்னொன்று உருவினான். அதுவும் குறுக்கு.

"நல்லா இருக்காண்ணே?"

"ம். நல்ல அட்டைதான்."

துண்டுகளை இருந்த இடத்திலேயே வைத்தான். மச்சினி காபி கொண்டுவந்தாள். குடித்தான். இனித்தது.

கடையம்மாள் இருவர் நோட்டுகளையும் கண்ணாடி மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பைண்டரின் நோட்டுக்கு மூலையிலிருந்து மூலைவரை குறை சொல்ல ஏதுமில்லை. அவர் சொல்லவும் இல்லை. "ரொம்ப நீட்டா இருக்கு" என்றார். லோடின் நோட்டை எடுத்து மேசைமேல் விரித்துவிட்டார். அது விரித்தபடி கிடந்தது. பைண்டரின் நோட்டை விரித்தார். முதுகில் பசை இறுக்கிப் பிடித்திருந்ததால், கையை எடுத்ததும் மூடிக்கொண்டது.

"இதையே வெச்சுக்கறேன்" என்று லோடைப் பார்த்துச் சொன்னார்.

பைண்டர் தன் நோட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு நடந்தான். வளையட்டும் என்று நினைத்தான். மழை பிடித்தது. நல்லது, ஈரத்துக்கு இன்னும் வளையும் என்று நினைத்தான்.

நாலு நாள் அடித்த அந்த மழை விடுவதற்குள் லோடு ஒரு பையோடு வந்துவிட்டான். முதுகு வலியில் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்று, நோட்டுகளை மேசையில் கொட்டினான். வெயிலில் போட்ட பழைய செருப்புபோல அட்டைகள் வாயைப் பிளந்துகொண்டிருந்தன.

"என்னாச்சுன்னே தெரியலண்ணே. பாதி நல்லா இருக்கு, பாதி இப்படி. அந்தம்மா திருப்பிக் குடுத்துட்டாங்க. சரி பண்ணிக் கொண்டு வந்தா பாக்கலாம், இல்லன்னா வேற ஆளைப் பாக்கறேன்னு சொல்றாங்க."

பைண்டர் ஒன்றை எடுத்துப் புரட்டினான். "இழை மாறியிருக்கு. நீ அட்டையைத் திருப்பிப் போட்டு வெட்டினல்ல, அதுதான்."

அடுப்படியிலிருந்து மனைவி கையைத் துடைத்தபடி வந்தாள். "அன்னைக்கே தெரியும்ல உங்களுக்கு?"

"என்ன தெரியும்?"

"அவங்க வீட்ல ரெண்டு துண்டை வளைச்சு வளைச்சுப் பாத்தீங்க. வீட்ல எந்த அட்டைய எடுத்தாலும் அதத்தானே செய்வீங்க. இழை மாறியிருந்தா தூக்கி எறிவீங்க. அங்க பத்திரமா திருப்பி வெச்சீங்க."

பைண்டர் கையிலிருந்த நோட்டைக் கீழே வைத்தான். லோடு இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். அவன் கத்தியிருந்தால் பைண்டருக்குத் தோதாக இருந்திருக்கும். திருப்பிக் கத்தியிருக்கலாம்.

"கோவம் இருக்கத்தான் செய்யும்ணே" என்றான் லோடு. "நானே அந்தம்மாகிட்ட கேட்டேன். கீழ்த்தட்டுலயாவது எங்க அண்ணன் நோட்டையும் வைங்கன்னு. வேணாம்னுட்டாங்க. உங்ககிட்ட சொன்னா மனசு கஷ்டப்படுவீங்கன்னு சொல்லல."

பைண்டருக்கு முகம் சுட்டது. திட்டினால் தாங்கலாம். இவன் எனக்காகப் போய் நின்று கேட்டிருக்கிறான். கடைக்காரி வேண்டாம் என்றதையும் கேட்டுவிட்டு, என் எதிரில் ஒன்றும் தெரியாததுபோல இருந்திருக்கிறான். தாள் மடிக்கக் கூப்பிட்ட நாளில் நான் இவனைப் பார்த்த அதே பார்வையோடு இவன் இப்போது என்னைப் பார்க்கிறான்.

"உன்னை யாரு கேக்கச் சொன்னது?"

"யாரும் சொல்லல."

"இனிமே எனக்காக எவகிட்டயும் போய் நிக்காத."

"சரிண்ணே." வளைந்த நோட்டுகளைப் பையில் அள்ளிக்கொண்டே, "அட்டை வெட்டிக் குடுப்பீங்களா?" என்றான்.

மனைவி பைண்டரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் எழுந்து கத்தியைத் தீட்டினான். புது அட்டையை விரித்து, வளைத்துப் பார்த்து, இழை ஓடும் திசையில் பென்சிலால் கோடு போட்டான். "இங்க பாரு. இந்தக் கோடு முதுகோட போகணும். துண்டு வீணானா வீணாகட்டும். இது லாரி இல்ல" என்றான். லோடு குனிய முடியாமல் குனிந்து பார்த்தான். ஒரு தடவை சொன்னதும் பிடித்துக்கொண்டான். அதுவும் பைண்டருக்கு எரிந்தது.

அதற்குப் பிறகும் பைண்டரே அட்டை வெட்டிக் கொடுத்தான், அலமாரி நோட்டுகள் ஒன்றுகூட வளையவில்லை. பைண்டர் ஒருநாள் வேலை முடிந்து அந்தத் தெரு வழியாகப் போனபோது கடைக்குள் நுழைந்து, வாங்க வந்தவன்போல நின்றான். கண்ணாடிக் கதவுக்குள் விளக்கு எரிந்தது. பக்கத்தில் நின்ற ஒருவர் சகலையின் நோட்டை எடுத்து, பிசிறைத் தடவி, அட்டையைத் தட்டிப் பார்த்து, "எவ்வளவு நேரா நிக்குது பாருங்க. கைதேர்ந்தவன் செஞ்சது" என்றார்.

"அட்டை வெட்டுனவன் வேற ஆளுங்க" என்றான் பைண்டர்.

அவர் சிரித்தார். "அதெல்லாமா பாக்க முடியும்" என்று நோட்டோடு கல்லாவுக்குப் போனார்.